ஐந்தரைக் கட்டையிலிருந்து இறங்கிய வெள்ளிக்கிழமை

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய அந்தக் காலனிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்வது, குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பதை. அடுத்ததாகத் தெரிந்துகொள்வது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனில் யாரோடும் பேச முடியாது என்பதை. பிள்ளையார் கோயில் கூடத்திலிருந்து அபிதகுஜாம்பாளின் குரல் கிளம்பிவிடும். மைக் கிடையாது, தேவையும் இல்லை. மூன்றாவது தெருவில் மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்குக்கூட அம்பாளின் ஆயிரம் நாமங்களில் எத்தனையாவது போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

குரல் அப்படி வாய்த்ததற்கு ரயிலும் ஒரு காரணம். தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் அவள் கணக்கு டீச்சராக இருந்தாள். மின்சார ரயில் தடதடவென்று போகும்போது மற்ற டீச்சர்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அபிதகுஜாம்பாள் நிறுத்த மாட்டாள். ரயிலுக்கு மேலே ஏறிக்கொண்டு போய்ப் பின்பெஞ்சுவரை சேர்ப்பிப்பாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. வீட்டில் மோர்க்குழம்பு கொதித்துவிட்டது என்று சொன்னால் பக்கத்து வீட்டில் அடுப்பை அணைப்பார்கள்.

வெள்ளிக்கிழமைப் பாராயணத்தை ஆரம்பித்ததும் அவள்தான். நாலு பேரோடு தொடங்கியது, இப்போது கூடம் கொள்ளாத கூட்டம். எல்லோரும் ஒரே சுருதியில் சொல்ல வேண்டும், அதுதான் அங்கே சட்டம். சுருதிப் பெட்டியின் திருகை ஐந்தரைக் கட்டையில் வைப்பாள். கட்டை ஏற ஏறக் குரலும் மேலே போயாக வேண்டும். ஐந்தரை என்பது நல்ல உயரம். அது அவள் தொண்டைக்குச் சௌகரியமான உயரம். தனக்குச் சௌகரியமானது அம்பாளுக்கும் சௌகரியம், காலனிக்கும் சௌகரியம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். டீச்சர்களுக்கு இது உண்டு. யாரும் மறுத்துச் சொன்னதும் இல்லை.

அவளுக்குத் தியானம் வராது. கண்ணை மூடி உட்கார்ந்தால் அடுப்பில் வைத்த பால் ஞாபகத்துக்கு வரும். குரு, ஆசிரமம் என்று அலைந்ததும் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை கூடத்தில் சம்மணமிட்டுச் சொல்லத் தொடங்கினால், நூறு நாமத்துக்கு மேல் எங்கேயோ ஓர் இடத்தில், சொல்கிறவள் காணாமல் போய்விடுவாள். குரல் மட்டும் இருக்கும். குழந்தை இல்லாத வருத்தம், அம்மா போன வருத்தம், எல்லாவற்றையும் அந்தக் குரலில்தான் அவள் கரைத்துவிட்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த கடவுள் அதற்குள்தான் இருந்தது.

அப்படிப்பட்ட குரல்தான் போயிற்று.

கழுத்தில் ஒரு கட்டி. தைராய்டு என்றார்கள், கெட்ட கட்டி இல்லை என்றார்கள், எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். எடுத்தார்கள், நன்றாகவே எடுத்தார்கள். குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, சிலருக்கு அது சோர்ந்துபோகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அந்தச் சிலரில் தானும் ஒருத்தியாக இருக்கக்கூடும் என்று அபிதகுஜாம்பாளுக்குத் தோன்றவே இல்லை. கட்டுப் பிரித்த அன்று, "ஏன்னா, காபி வேணும்" என்று கணவரிடம் சொல்ல வாயைத் திறந்தாள். சைக்கிள் டியூபிலிருந்து காற்றுப் போகிற மாதிரி புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. குரல் நாண்கள் இரண்டில் ஒன்று அசையவில்லை. சில மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், குரல் பயிற்சிக்குப் போங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

கணவர் அனந்தகிருஷ்ணன் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் ஊரார் குரலைக் கம்பி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷருக்குப் பெண்டாட்டியின் குரலைச் சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. ஒரு மணியை வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார். வேண்டும்போது அடி, வருகிறேன் என்றார். அவள் முறைத்த முறைப்பில் மணி பூஜையலமாரிக்குப் போயிற்று.

வெளியே போவதுதான் வேதனை. காலனி வாசலில் பூ விற்கும் எல்லம்மா அந்த ஊர்க்காரி. அபிதகுஜாம்பாள் பத்து நாள் கழித்து வந்து முழத்தை விரலால் காட்டியதும் அவள் விட்டுவிடுவாளா?

"இன்னா மாமி, ஒண்ணியுமே பேச மாட்டேங்கிறியே. நம்ம மேல கோவமா கீறியா?"

அபிதகுஜாம்பாள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். எல்லம்மாவின் முகம் மாறிவிட்டது. அரை முழம் சேர்த்து அளந்து கொடுத்து, "ஆத்தா குடுத்த கொரலு, ஆத்தா எங்க எடுத்துக்கினு போவா, வந்துரும் போ" என்றாள். நல்ல வார்த்தைதான். வீடு வரும்வரை அபிதகுஜாம்பாளுக்குக் கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

பாராயணக் கூட்டத்துப் பெண்களைச் சும்மா சொல்லக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு ரசம் கொண்டுவந்தார்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். அவள் முதல் முறையாகக் கூடத்துக்குத் திரும்புகிற வெள்ளிக்கிழமைக்கு வாசலில் பெரிய கோலம் போட்டு, மாலை வாங்கி வைத்திருந்தார்கள். வழக்கமான இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள். அவளுக்கு இடது பக்கத்தில் எப்போதும்போல் பங்கஜவல்லி. எதிர்வீட்டுக்காரி, ஆரம்பித்த நாலு பேரில் ஒருத்தி, அந்த இடது பக்கத்தைப் பதினெட்டு வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள். அபிதகுஜாம்பாள் வாயை மட்டுமாவது அசைத்துக்கொண்டிருக்கலாம் என்ற எண்ணத்தில் கண்ணை மூடினாள்.

ஐந்தரைக் கட்டையில் கணீரென்று அவள் குரல் கூடத்தில் எழுந்தது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, திரும்பி வந்துவிட்டது என்றே நினைத்தாள். கண்ணைத் திறந்தால் அம்பாள் படத்துக்குப் பக்கத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். போன நவராத்திரியில் யாரோ போனில் பதிவு செய்து வைத்திருந்தது. மாமி இல்லாமல் பாராயணம் நிற்கக்கூடாது, மாமியே நடத்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லோரும் கூடிப் பேசி, அவளுக்குச் சொல்லாமல் ஆச்சரியமாக வைத்திருக்கிறார்கள். பெண்கள் அவள் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரித்தாள். பிறகு தன் குரலுக்குத் தானே வாயசைத்துக்கொண்டு, ஆயிரம் நாமமும் முடிகிறவரை அங்கே உட்கார்ந்திருந்தாள். நடுவில் பதிவில் அவளே ஒருமுறை இருமினாள். அந்த இருமலுக்குக்கூட இவளிடம் சத்தம் இல்லை.

அன்பாகச் செய்கிற காரியத்தின் மேல் கோபித்துக்கொள்ள முடியாது. அதுதான் அதில் உள்ள கொடுமை. தன் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்ததை எதிரில் உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. வீட்டுக்கு வந்து, "இனிமே நான் அங்கே போக மாட்டேன்" என்று ஒரு காகிதத்தில் எழுதி அனந்தகிருஷ்ணனிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தரம் படித்தார். காபி போட்டுக் கொடுத்தார், அதில் சர்க்கரை போட மறந்துவிட்டார்.

பங்கஜவல்லி அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். உடம்பு சரியில்லை என்று அனந்தகிருஷ்ணன் வாசலிலேயே பொய் சொல்லி அனுப்பினார்.

குரல் பயிற்சிக்கு மட்டும் அவள் ஒழுங்காகப் போனாள். அதில் ஒரு கணக்கு இருந்தது: பயிற்சி, பழைய குரல், மறுபடி ஐந்தரைக் கட்டை, ஸ்பீக்கரை எடுத்துப் பரணில் போடுவது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஒரு சின்ன கிளினிக். பயிற்சி கொடுக்கிறவள் ஏஞ்சல் என்ற பெண், முப்பது வயது இருக்கும், முடிச்சூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணக்கு டீச்சர் என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள்.

ஒரு கிளாஸில் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா. ஸ்ட்ராவை வாயில் வைத்து 'ஊ' என்று சத்தம் கொடுத்தபடி குமிழி விட வேண்டும். அப்படிக் குமிழி விட்ட குற்றத்துக்காக எத்தனையோ பெண்களை வெளியே நிற்க வைத்தவள் அபிதகுஜாம்பாள். இப்போது தானே கொடகொடவென்று விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பும் புஸ்ஸென்றுதான் வந்தது.

வாரங்கள் போயின. ஏஞ்சல் ஒருநாள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்லட்டுமா? ஒவ்வொரு தடவையும் நீங்க மேல போய்த் தேடுறீங்க. இப்போ அங்க ஒண்ணும் இல்ல. கீழ இறங்கி வந்தீங்கன்னா கொஞ்சம் இருக்கு, எனக்குக் கேக்குது."

"கீழே இருக்கறது என் குரல் இல்லே." காற்றும் சொல்லுமாக வந்தது.

"அதுவும் உங்களதுதான் டீச்சர். நீங்க இதுவரைக்கும் அந்தப் பக்கம் போனதே இல்ல."

"அப்போ பழையது?"

ஏஞ்சல் பொய் சொல்லத் தெரியாத பெண். "வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றாள்.

அபிதகுஜாம்பாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு போகவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பஸ்களும் கார்களும் ஜி.எஸ்.டி. ரோட்டை அடைத்துக்கொண்டிருந்த சமயம் அது. பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் பொழுது போய்விடுகிறது, எப்படிப் போவது என்று காரணம் சொன்னாள். தீபாவளி போய், கார்த்திகையும் போய், ரோடு காலியாகிவிட்டது. காரணம் மட்டும் அப்படியே இருந்தது. வீட்டில் பேச்சு நின்றது. சுவாமிக்கு விளக்கேற்றுவாள், ஒரு நாமம்கூடச் சொல்ல மாட்டாள். குரல் இல்லாமல் எப்படிக் கும்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அனந்தகிருஷ்ணன் மொட்டை மாடிக்குப் போய், அவளுக்குத் தெரியாமல் தன் அண்ணா பெண் சின்மயிக்குப் போன் செய்தார். சின்மயி ஓ.எம்.ஆர். கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறவள், மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கிளப் ஹவுஸில் சவுண்ட் ஹீலிங் என்று ஒன்று நடத்துகிறாள். எல்லோரும் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்கள், இவள் வெண்கலக் கிண்ணங்களைத் தட்டி நாதம் எழுப்புவாள். "எம்.டெக். படிச்சுட்டுப் பாத்திரம் தட்டறா" என்று குடும்பமே கேலி செய்தது. அதில் முதல் ஆள் அபிதகுஜாம்பாள்தான்.

சின்மயி காரோடு வந்து நின்றாள். "சித்தி, கிளம்புங்கோ. நம்பிக்கையெல்லாம் வேண்டாம். படுத்துண்டா போறும்."

"உன் கிண்ணம் என் நரம்பைச் சரிபண்ணிடுமோ?" என்று அவள் உதட்டசைவில் கேட்டாள்.

"பண்ணாது சித்தி. அப்படிச் சொன்னா அது ஏமாத்து வேலை. ஏஞ்சல் மேடம்கிட்ட போறதை விட்டதுக்கு உங்களை நான் திட்டணும், அது வேற. இது உங்களை நீங்களே கேக்கறதுக்கு ஒரு இடம், அவ்வளவுதான்."

கிளப் ஹவுஸில் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்திருந்தார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் முதுகு போன பிள்ளைகள். வெளியே தண்ணீர் லாரி ஒன்று பின்னால் வருவதற்கு விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பாயில் ஒரு கண்ணாடிக்காரப் பையன் படுத்த மாத்திரத்தில் குறட்டைக்குப் போய்விட்டான். இதற்குத்தான் இத்தனை தூரம் வந்தோமா என்று அபிதகுஜாம்பாள் நினைத்தாள்.

சின்மயி வந்து ஒரு கிண்ணத்தை அவள் மார்பெலும்பின் மேல் வைத்து மெல்லத் தட்டினாள். சத்தம் காதுக்கு வருமுன் எலும்புக்கு வந்துவிட்டது. விலா முழுக்க நடுங்கியது, தோளுக்குப் போயிற்று, கழுத்துக்கு வந்து தழும்புக்குக் கீழே நின்றது. மறுபடி ஒரு தட்டு. மறுபடி. எவ்வளவு நேரம் என்று தெரியாது. லாரியும் ஹாரனும் எங்கேயோ போய்விட்டன. பால் ஞாபகத்துக்கு வரவில்லை.

கிண்ணத்தோடு சேர்ந்து யாரோ 'ம்' என்று முனகுவது கேட்டது. கனத்த, கரகரப்பான முனகல். பக்கத்துப் பையன்தான் தூக்கத்தில் ஏதோ உளறுகிறான் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தாள். பையன் எழுந்து உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முனகல் நிற்கவில்லை. கையை மார்பில் வைத்துப் பார்த்தாள். அது அவளிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

பயந்துபோய் நிறுத்தினாள். பிறகு அது போய்விடுமோ என்ற பயத்தில் மறுபடி ஆரம்பித்தாள். இருந்தது. காற்றாகப் போகாமல், உடையாமல், ஒரு மூச்சு முழுக்க நின்றது. அவளுடைய அப்பா திருநீறு பூசிக்கொள்ளும்போது இப்படித்தான் முனகுவார். ஆண்பிள்ளைக் குரல் மாதிரி, அழகே இல்லாமல் இருந்தது. ஆனாலும் அது சத்தம். இத்தனை மாதம் கழித்து அவள் உடம்பிலிருந்து ஒரு சத்தம். அபிதகுஜாம்பாள் மல்லாந்து படுத்தபடி அழுதாள். கண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. சின்மயி கிண்ணத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் ஏஞ்சலைப் பார்க்கப் போனாள். போகாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளை அந்தப் பெண் கேட்கவே விடவில்லை, "அந்த 'ம்'மை எனக்கு ஒரு தடவை குடுங்க டீச்சர்" என்றாள். கண்ணை மூடிக் கேட்டாள். போனில் சுருதிப் பெட்டியைப் போட்டுப் பார்த்தபோது அது மூன்று கட்டையில் நின்றது.

"எங்க சர்ச் கொயர்ல நான் ஆல்டோ" என்றாள் ஏஞ்சல். "கீழ பாடுற வரிசை. மேல பாடுறவங்கதான் எல்லாருக்கும் கேக்கும். எங்கம்மாவே முதல் பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, 'நீ பாடுனியாடி'ன்னு கேப்பாங்க. ஆனா நாங்க இல்லன்னா மேல இருக்கவங்களால நிக்க முடியாது டீச்சர். எனக்கு அந்த வரிசை ரொம்பப் பிடிக்கும்."

அன்று முதல் பயிற்சி வேறு விதமாக நடந்தது. 'ம்'மிலிருந்து ஓர் எழுத்து, எழுத்திலிருந்து ஒரு சொல், சொல்லிலிருந்து ஒரு நாமம். காலையில் குளித்துவிட்டுப் பூஜையலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, கையை மார்பில் வைத்துக்கொண்டு, ஒரே நாமத்தை மெல்லச் சொல்லுவாள். அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. முன்பெல்லாம் அவள் குரல் வாயை விட்டுக் கிளம்பியதும் தெருவைப் பார்த்துப் போய்விடும். இது எங்கும் போகாமல் அவள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆயிரம் நாமத்தில் கிடைத்தது ஒரு நாமத்தில் கிடைக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். அனந்தகிருஷ்ணன் செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் தாள் தலைகீழாக இருந்தது.

"நன்னாயிருக்கு" என்றார், அவள் கேட்காமலே.

"பொய்."

"நன்னாயில்லேதான். ஆனா நீ பேசறே. அது போறும் எனக்கு."

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கூடத்து வாசல்வரைக்கும் அனந்தகிருஷ்ணன் கூடவே வந்தார். உள்ளே போய் அந்தக் குரலைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. பரிதாபப்படுவார்கள். அல்லது ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி வைத்து மூடிவிடுவார்கள், அதுவும் அன்பினால்தான். அப்படி ஒன்று நடந்தால் மறுபடி இந்த வாசலை மிதிக்கிற தைரியம் தனக்கு இருக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவள் நேராக அம்பாள் படத்துக்குப் போய் ஸ்பீக்கரை நிறுத்தினாள். திரும்பி நின்று பேசினாள். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும் முன்வரிசையில் ஒருத்தி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"எனக்காக வெச்சேள். நன்றி. ஆனா அந்தக் குரல் இனிமே வராது. இதுதான் இருக்கு. இது மூணு கட்டைக்கு மேலே ஏறாது. நீங்கள்லாம் எப்பவும்போல ஐந்தரையிலே சொல்லுங்கோ. நான் கடைசி வரிசையிலே, எனக்கு முடிஞ்ச மட்டும் சொல்லிக்கறேன்."

அவள் பின்வரிசைக்கு நகர்ந்தாள். பங்கஜவல்லி எட்டி அவள் கையைப் பிடித்துப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தாள். பிறகு சுருதிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, யாரையும் கேட்காமல், திருகை ஐந்தரையிலிருந்து இறக்கி மூன்றில் வைத்தாள். அந்தப் பெட்டியில் அபிதகுஜாம்பாளைத் தவிர வேறு யாரும் கை வைத்து அன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

தொடங்கினார்கள். முதலில் தடுமாற்றமாகத்தான் இருந்தது. பழகிய உயரத்தைத் தேடிச் சிலர் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். அபிதகுஜாம்பாள் மார்பில் கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாமமாக எடுத்தாள். நூறைத் தாண்டியபோது மூச்சுப் போதவில்லை. குரல் இழுத்தது, காற்றாயிற்று, அப்படியே அற்றுப்போயிற்று. அவ்வளவுதான், இப்போது கூடம் நின்றுவிடும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நின்றால் கூட்டமும் நின்றுவிடும், எப்போதும் அப்படித்தான்.

பாராயணம் நிற்கவில்லை. முன்னைவிடக் கனமாகப் போய்க்கொண்டிருந்தது. யாரோ மறுபடி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தாள். ஸ்பீக்கர் அணைந்துதான் இருந்தது. சத்தம் அவளுக்கு இடது பக்கத்திலிருந்து வந்தது. வலது பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் வந்தது. இந்தக் கூடத்தில் இதுவரை கேட்டே இராத குரல்கள், அடித்தொண்டைக் குரல்கள், மூக்கடைத்த குரல்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்ள இடம் இருந்தது. மறுபடி அற்றுப்போனது, மறுபடி சேர்ந்துகொண்டாள். ஆயிரமும் முடிந்தது.

கற்பூரம் காட்டிவிட்டு எல்லோரும் சுண்டலுக்கு எழுந்தார்கள். பங்கஜவல்லி மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பங்கஜம், நீ இப்படிச் சொல்லுவியா? நான் கேட்டதே இல்லையே."

"எப்படிக்கா கேப்பீங்க? ஐந்தரை எனக்கு எட்டவே எட்டாது. சத்தம் வெளிய வந்தா அபஸ்வரமா இருக்கும்னு, வந்த நாள்லேந்து வாயை மட்டும்தான் அசைச்சேன்."

"பதினெட்டு வருஷமா?"

"எனக்கும் எட்டாது மாமி" என்றாள் சுண்டல் தட்டோடு நின்ற ஒருத்தி. "நான் பாதி நாமம் சொல்லுவேன், பாதி முழுங்கிடுவேன்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அபிதகுஜாம்பாளால் சிரிக்க முடியவில்லை. தன் குரலுக்குத் தானே வாயசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரியும். அதை வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒருத்தி செய்திருக்கிறாள்.

"ஏண்டி ஒரு வார்த்தை சொல்லலே? திருகை இறக்கியிருப்பேனே."

"இறக்கினா உங்க குரல் எனக்கு அப்படிக் கேக்குமாக்கா?" என்றாள் பங்கஜவல்லி. "எங்க வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் நான் இந்த இடத்துலதான் உக்காந்திருந்தேன். வாயைக்கூட அசைக்கல. உங்க சத்தம் மேல வந்து விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அதுல குளிச்சுட்டு வீட்டுக்குப் போவேன். அதுலதான் எழுந்தேன்."

அபிதகுஜாம்பாள் பங்கஜவல்லியின் பக்கம் முழுக்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

"ஒரு நாமம் சொல்லு. நீ மட்டும். நான் கேக்கணும்."

பங்கஜவல்லி வெட்கப்பட்டாள், சுற்றுமுற்றும் பார்த்தாள், இருமினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். தடித்த குரல், கொஞ்சம் மூக்கோசை, முடிவில் ஒரு நடுக்கம். அபிதகுஜாம்பாள் இன்னொன்று கேட்டாள், அதற்குப் பிறகு இன்னொன்று. தன் குரல் போனதற்கு அம்பாளிடம் அவள் மனதார நன்றி சொன்னது அந்த நிமிஷத்தில்தான். அது இருந்திருந்தால் இதைக் கேட்காமலே போயிருப்பாள். வாசலில் நின்றிருந்த அனந்தகிருஷ்ணன், நேரமாயிற்று என்று கூப்பிட வந்தவர், கூப்பிடாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஓரமாக உட்கார்ந்தார்.